வீட்டு விருந்தும் ஊர் விருந்தும்



கோடை விடுமுறை பிறந்துவிட்டால், வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு கலகலப்பு உண்டாகிறது. ஊரிலிருந்து பெரியம்மா வருகிறார். அத்தையும் அத்திம்பேரும் வருகின்றனர். உடன் படித்த நண்பர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகின்றனர். திருவனந்தபுரத்து வலியசாலையில் வாழும் எங்களுக்கோ இந்த வரவு கோடையோடு முடிந்துவிடுவதில்லை. பத்மநாப சுவாமியைத் தரிசிக்க வருவோர், மாசியில் ஆற்றுக்கால் பொங்கலுக்கு வருவோர், கோவளத்துக் கடலைக் காண வருவோர், மருத்துவத்தை நாடி வருவோர் என ஆண்டு முழுவதும் விருந்தினர் உண்டு. நாகர்கோவிலிலிருந்து காலையில் புறப்பட்டவர் நண்பகல் உணவுக்கு முன்னரே வாசலில் நிற்பார்.

விருந்தினர் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வீட்டில் ஒரு பேச்சு எழும். இன்று எல்லோரும் வெளியே சென்று உண்ணலாமா என்று இளையவர் ஒருவர் கேட்பார். உடனே மூத்தவர் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றும். வந்தவருக்கு வீட்டில் ஓர் இலை போட இயலாமலா கடைக்கு அழைத்துப் போவது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் இகழத்தக்கதன்று. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் போற்றும் மக்கள் நாம். ஆயினும், விருந்தினரை நகரத்து உணவகத்திற்கு அழைத்துச் செல்வது விருந்தோம்பலில் குறைவா, அல்லது அதன் ஒரு பகுதியா என்று சற்றே ஆராய்ந்து பார்ப்பது நன்று.

நாங்கள் வாழும் ஊரின் பெயரே இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்கிறது. வலிய என்னும் மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்பது பொருள். சாலை என்றால் இன்று நமக்கு வண்டி ஓடும் பாதையே நினைவுக்கு வரும். பழங்காலத்தில் அச்சொல் மாணாக்கர் தங்கிக் கற்றும் உண்டும் வந்த நிலையத்தைக் குறித்தது. புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இருந்த இடம் வலியசாலையே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. முதலாம் இராசராச சோழன் இக்காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தியை அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. கலம் என்பது மரக்கலம் என்பார் சிலர். உண்கலம் என்பார் வேறு சிலர். உண்கலம் என்று கொண்டால், இவ்வூரில் யார் உண்பது, எத்தனை பேர் உண்பது என்பது ஒரு பேரரசனே தலையிட்ட செய்தியாகிவிடுகிறது!

அன்றைய சாலையில் எல்லோரும் அமர்ந்து உண்ணவில்லை. வேதம் பயின்ற மாணாக்கரே உண்டனர். பின்னர் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் அரசே ஊட்டுப்புரைகளை நடத்தியது. அங்கு விலையின்றி உணவு கிடைத்தது உண்மை. எனினும் அந்தணர்க்கே அது கிடைத்தது. அதன்பின் காப்பிக் கடைகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின. காசு கொடுத்தவர்க்கெல்லாம் உணவு என்றன அவை. ஆனால் அவற்றிலும் சாதிக்கொரு இடம் என்று தடுப்புக் கட்டியவை பல இருந்தன. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயில் வாயிலைத் திறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு உணவகத்தின் வாயிலைத் திறந்தது. கடைகளையும் பொது உணவகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய இவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவரையும் அங்கே தடுத்தலாகாது என்று அது விதிக்கிறது. பிறந்த இடம் என்னும் சொல்லைப் பிற மாநிலத்தில் வாழும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

அதே பட்டியலில் பால் என்னும் சொல்லும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் பந்தி விரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஆயினும் நம் வீடுகளில் அப்பந்தியில் கடைசியாக அமர்பவர் யார்? விருந்தினர்க்கெல்லாம் பரிமாறி, குழந்தைகளுக்கு ஊட்டி, அடுப்பை அணைத்த பின், ஆறிய சோற்றோடு தனியே அமர்பவர் இல்லத்தரசி அன்றோ? பத்து நாள் விருந்து என்றால் அவருக்குப் பத்து நாளும் அடுக்களையே உலகம். தங்கை வந்திருக்கிறாள் என்று மகிழ்ந்தவர், அத்தங்கையோடு அமர்ந்து பேச அரை மணி நேரம் இன்றித் தவிக்கிறார். உணவகத்தின் மேசையில்தான் அவரும் மற்றவரோடு ஒரே வேளையில் அமர்கிறார், சூடாக உண்கிறார், அவருக்கும் ஒருவர் பரிமாறுகிறார். வெளியே உண்பதற்கு வேறு காரணம் ஒன்றுமே இல்லையென்றாலும், இவ்வொரு காரணம் போதும்.

இன்று கைப்பேசியில் ஒரு விரலை அசைத்தால் உணவு வாசலுக்கே வருகிறதே என்று கேட்கலாம். உணவு வருகிறது, ஊர் வருவதில்லை. விருந்தினர் நம்மைக் காண வருகின்றனர் என்பது பாதி உண்மை. நாம் எத்தகைய ஊரில், எத்தகைய மக்களிடையே வாழ்கிறோம் என்று காணவும் அவர்கள் விரும்புகின்றனர். அதற்கு உணவகத்தைப் போன்ற இடம் வேறில்லை.

திருவனந்தபுரத்தில் இரயிலிலிருந்து இறங்கியவுடனே இதற்கொரு வாய்ப்பு உண்டு. தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல்லால் ஆன உருண்டைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அது இந்தியன் காப்பி ஹவுஸ். காப்பி வாரியம் நடத்திவந்த விடுதிகள் 1950-களில் மூடப்பட்டபோது, வேலை இழந்த தொழிலாளர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். 1957-இல் பெங்களூரில் அம்முயற்சி தொடங்கியது. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் விடுதி திறந்தது. தம்பானூர்க் கட்டடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் இங்கேயே மறைந்தவர் அவர். உள்ளே மாடி என்று தனியாக ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே சாய்தளம், அதன் ஓரமாக மேசைகளும் இருக்கைகளும். முதியவர் கீழ்ச்சுற்றில் அமரலாம். குழந்தைகள் உச்சிவரை ஓடிப் பார்த்து வரலாம். விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த ஊழியர் மசால் தோசையைக் கொண்டுவந்து வைப்பார். பிரித்தால் உள்ளே பீட்ரூட் சேர்ந்த சிவந்த மசாலா இருக்கும். இது தோசைதானா என்று சென்னைக் குழந்தை வியப்படையும். ஆம், இதுவும் தோசைதான் என்று நாம் சொல்லும்போது, அக்குழந்தை ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறது.

நண்பகல் உணவிலும் இத்தகைய வியப்புகள் உண்டு. குடிக்க வைக்கும் நீர் வெதுவெதுப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பதிமுகப் பட்டை இட்டுக் கொதிக்கவைத்த நீர் அது. அறியாத விருந்தினர் குவளையை விலக்கி வைத்துவிடுவார். சோறு பருத்துச் சிவந்த புழுங்கலரிசிச் சோறாக இருக்கலாம். பழக்கமில்லாதவர்க்கு வெள்ளைச் சோறு கேட்டு வாங்கித் தரலாம். விருந்துச் சாப்பாடாயின் பருப்பும் நெய்யும் முதலில் வரும், சாம்பார் வரும், பாயசமும் வந்துவிடும். உணவு முடிந்தது என்று எண்ணி இலையை மூடப் போகும் விருந்தினரை நாம் தடுத்தாக வேண்டும். ரசமும் மோரும் அதன்பின் வர இருக்கின்றன. போளியை இலையில் இட்டு, அதன்மேல் பாயசத்தை வார்த்துப் பிசைந்து உண்பது இந்நகரத்து வழக்கம். தமிழ் அக்கிரகாரங்களில் சுட்டு விற்கும் போளி மலையாள விருந்தின் இலையில் இவ்வாறு ஏறி அமர்ந்திருக்கிறது. இரு மொழி மக்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த வரலாற்றை இதைவிடச் சுவையாக எந்தப் புத்தகம் சொல்லும்?

உண்ட பின் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை சாலைக் கடைத்தெருவில் விருந்தினரோடு நடந்து வருவது எங்கள் வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் உருவாக்கிய அங்காடி அது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே மூச்சில் பேசப்படும். அத்தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அத்தெரு மக்களையே கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். 2015-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021-இல் மறைந்தவர். அவர் நடந்த தெருவில் ஓர் ஏத்தங்காய் வறுவல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதும் ஒரு விருந்தே.

எல்லா விருந்தினர்க்கும் எல்லா வேளையும் வெளியுணவு பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. நோன்பு இருப்பவர், பல்லும் வயிறும் ஒத்துழைக்காத முதியவர், மண்டலப் புற்றுநோய் மையத்திற்கோ ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திற்கோ வந்திருக்கும் நோயாளி, இவர்களுக்கு வீட்டுக் கஞ்சியே அமிழ்தம். ஆனால் அந்நோயாளிக்குத் துணையாக வந்தவரை நாம் மறந்துவிடுகிறோம். மூன்று நாளாக மருத்துவமனை விசிப்பலகையில் அமர்ந்து, ரொட்டியும் தேநீருமாகக் காலம் தள்ளியிருப்பார் அவர். அவர் இடத்தில் நம் வீட்டார் ஒருவர் அமர்ந்துகொள்ள, அவரை அழைத்துச் சென்று ஒரு முழுச் சாப்பாடு உண்ணச் செய்து, அவர் பேசுவதைக் கேட்டிருப்பது சிறந்த அறமாகும். அழுவதற்குக்கூட அவருக்கு அப்பொழுதுதான் ஓர் இடம் கிடைக்கும்.

வெளியே உண்பதற்கும் சில முறைகள் உண்டு. விருந்தினர் தம் பயணச் செலவை எண்ணி எண்ணி வந்தவராக இருக்கலாம். விலைப் பட்டியலைக் கண்டு அவர் நெஞ்சு துணுக்குறும் இடத்திற்கு அவரை அழைத்துச் செல்லலாகாது. எளிய இடத்தில் நிறைவாக உண்பதே இன்பம். பணம் கொடுப்பவர் யார் என்ற போராட்டம் கல்லாப் பெட்டியின் முன் நிகழவேண்டா; ஒருநாள் நாங்கள், ஒருநாள் நீங்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டால் உறவும் நிலைக்கும், மதிப்பும் நிலைக்கும். எங்கள் ஊர்ச் சாம்பார் போல் வருமா என்று பரிமாறுபவர் காதில் விழப் பேசுதல் கூடாது. அவரிடம் நம் குழந்தைகளை மலையாளத்தில் பேசவிட வேண்டும். பாட்டிக்கு வேண்டியதைத் தமிழில் கேட்டு மலையாளத்தில் சொல்லும் பேத்தி, தான் இரு மொழிக்கும் உரியவள் என்பதைப் பெருமையோடு உணர்வாள்.

இது வலியசாலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. மும்பையில் வாழும் நேயர்களுக்கு மாதுங்காவின் பெருமை தெரியும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி வந்த தென்னாட்டு இளைஞர்க்கு இட்டிலியும் சாம்பாரும் தந்து தாய்வீடாக விளங்கிய இடம் அது. 1942-இல் இராம நாயக் தொடங்கிய உடுப்பி உணவகம் அங்கே இன்றும் இலை போடுகிறது. அங்கு விருந்தினரை அழைத்துச் செல்லுங்கள். நம்மவர் பட்ட பாட்டை அது சொல்லும். ஆனால் மற்றொரு நாள் இரானியர் கடைக்கும் அழைத்துச் சென்று, வெண்ணெய் தடவிய பன்னைத் தேநீரில் தோய்த்து உண்ணச் சொல்லுங்கள். கொல்கத்தாவில் இருப்போர் கல்லூரித் தெருக் காப்பி ஹவுஸின் உயர்ந்த கூடத்தைக் காட்டலாம். தில்லியில் இருப்போர் கரோல்பாக்கில் தோசை வாங்கித் தந்த கையோடு, சோலே பட்டூரேயையும் சுவைக்கத் தரலாம். நம் ஊர் உணவை எங்கும் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. குடியேறிய ஊரின் உணவை நம்மவர்க்கு எடுத்துப் பரிமாறுவது, அவ்வூரில் நாம் வேரூன்றிவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

விருந்தினர் ஊர் திரும்பியதும், பிள்ளை எப்படி இருக்கிறான், பெண் எப்படி இருக்கிறாள் என்று அங்குள்ளோர் வினவுவர். நல்ல வீடு, நல்ல வேலை என்பதோடு அவர்கள் விடை நின்றுவிடக் கூடாது. அந்த ஊர் மக்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, அவர்கள் மொழியில் பேசி, சிரித்து உண்கிறார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அச்சொல் கேட்டு ஊரில் ஒரு தாய் கவலையின்றி உறங்குவாள். ஆகவே, அடுத்த முறை விருந்தினர் வரும்போது, வீட்டு விருந்தை ஒரு குறையுமின்றிச் செய்யுங்கள். ஒரு வேளையேனும் அடுப்பை அணைத்துவிட்டு, இல்லத்தரசியை முன்னே நடக்கவிட்டு, எல்லோரும் ஊர் விருந்துக்குப் புறப்படுங்கள்.