உப்பு கரைந்துவிடும், எழுதி வையுங்கள்

(மரக்காணத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் என் அம்மாவை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனேன். முப்பது வருடமாக நம்மூர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மேடு. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். மரங்களும் இடிந்த செங்கல் சுவர்களும்தான் கண்ணில் படுகின்றன. அந்தச் சுவர்களும் 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடத்தினுடையவை.

"இதப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றார் அம்மா.

1945இல் இங்கே அகழாய்வு செய்த மார்டிமர் வீலர், இதை ரோமானிய வணிகத் தளமாக உலகுக்கு அறிமுகம் செய்தார். ரோமானிய மதுச் சாடிகள் புகழ்பெற்றன. 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டிய விமலா பெக்லியின் குழு, அந்த வணிகத்துக்கு முன்பும் பின்பும் இங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது.

நான் அம்மாவிடம் சொன்னது மணிகளைப் பற்றி. இங்கே கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்தார்கள். உடைந்ததும் பாதியில் விட்டதுமான கழிவுகள் மண்ணுக்குள் கிடைத்தன. அங்கே கைகள் வேலை செய்ததற்கு அவைதான் சாட்சி.

"நாங்க வாரன உப்பு கரைஞ்சிடுமே, எங்களுக்கு எது சாட்சி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. மழை வந்தால் பாத்தியே கரைந்துபோகிறது. தை மாதம் மறுபடி சேறு மிதிக்கிறோம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சங்கப் பாடல்களில் வண்டியோட்டி உப்பு விற்ற உமணர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். உப்பு வாரியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேடினால் கிடைப்பார்கள். மெக்சிகோவின் தியோதிவாக்கானில் எல்லோரும் பிரமிடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1960களில் ரெனே மில்லனின் குழு நகரம் முழுவதையும் வரைபடமாக்கியது. சுமார் 2000 குடியிருப்புத் தொகுதிகள் தெரியவந்தன. சாதாரண மக்களின் வீடுகளும் ஆய்வுக்கு வந்தன.

2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. புதுக் கூரை போட்டதும் தடயம் போய்விட்டது. ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிற நாம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய சாம்பலை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் உப்பு வாரியவர் பெயர், கூலி, கடன், அன்று எரிந்த பொருள் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். அம்மாவின் முதல் நாள் கூலி எவ்வளவு என்று, அன்று பேருந்தில் திரும்பும்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.