போர்க்காலத்தில் ஒரு கல்வியாண்டு

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போரை நடத்துகிறோம். போலந்து படையெடுப்பு, டன்கிர்க், பேர்ல் துறைமுகம், ஹிரோஷிமா என்று வரிசையாகச் சொல்லி, வரைபடத்தில் குறிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். அந்தப் பாடத்தில் படைகள் வருகின்றன, தலைவர்கள் வருகிறார்கள், பள்ளிக்கூடம் வருவதில்லை. வரலாறு கற்பிக்கும் எனக்கு இது நெடுநாள் குறை. ஆகவே, போர் தொடங்கிய 1939 செப்டம்பர் முதல் 1940 ஆகஸ்ட் வரையிலான ஒரே ஒரு கல்வியாண்டை எடுத்துக்கொண்டு, வேல்ஸ் என்ற சிறிய நாட்டில் என்ன நடந்தது என்று இன்று சொல்ல விரும்புகிறேன்.

வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதி. தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள், வடக்கே சிலேட்டுக்கல் சுரங்கங்கள், நடுவில் ஆடு மேய்க்கும் மலைகள். அங்கே ஆங்கிலத்தோடு எந்த நெருங்கிய உறவும் இல்லாத வெல்ஷ் என்ற பழைய மொழி உண்டு. 1901இல் மக்களில் பாதிப் பேர் அதைப் பேசினார்கள். 1931 கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 37 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர். 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951இல் எடுத்தபோது நூற்றுக்கு 29 பேர்தான். இந்த இறக்கத்தின் நடுவில்தான் நாம் பார்க்கப்போகும் ஆண்டு நிற்கிறது.

அட்டை கட்டிய குழந்தைகள்

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் பிரிட்டனின் பெருநகரங்களிலிருந்து குழந்தைகளை வெளியேற்றும் வேலை தொடங்கியது. விமானத் தாக்குதல் வரும் என்ற அச்சம். மூன்று நான்கு நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும். கழுத்திலோ சட்டையிலோ பெயர் எழுதிய அட்டை, தோளில் நச்சுப்புகை முகமூடிப் பெட்டி. கூடவே அவர்களுடைய ஆசிரியர்களும் வந்தார்கள். இதை நாம் மறக்கக் கூடாது.

லிவர்பூல் பகுதியிலிருந்து ஏராளமான குழந்தைகள் வேல்ஸுக்கு வந்து இறங்கினார்கள். உள்ளூர்ப் பள்ளிகளில் இடம் போதவில்லை. பல ஊர்களில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், மாலையில் வந்த பிள்ளைகள் என முறை வைத்து வகுப்பு நடத்தினார்கள். வந்தவர்களுக்கு வெல்ஷ் தெரியாது. உள்ளூர்க்காரர்களில் பலருக்கோ ஆங்கிலமும் தெரியும். ஒரு வகுப்பில் இரு மொழிப் பிள்ளைகள் இருந்தால் எந்த மொழி வெல்லும் என்பது ஆசிரியர்களாகிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் புரியும் மொழியே வகுப்பின் மொழியாகிவிடும். வெல்ஷ் மொழி ஆர்வலர்கள் பலர் அஞ்சியது இதற்குத்தான்.

ஆனால் நடந்தது ஒரே மாதிரியாக இல்லை. வெல்ஷ் மட்டுமே ஒலித்த கிராமங்களில் லிவர்பூல் பிள்ளைகள் சில மாதங்களில் வெல்ஷ் பேசினார்கள். தேவாலயத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வெல்ஷ் பாடல்களைப் பாடினார்கள். குழந்தை எந்த மொழியில் விளையாடுகிறதோ அந்த மொழியைக் கற்றுக்கொள்கிறது. இரு மொழியும் கலந்து நின்ற நகரங்களில்தான் தராசு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. ஆகவே, வந்த குழந்தைகள் மீது குற்றம் ஏதும் இல்லை. அவர்களைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எந்த மொழிக்கு இடம் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

ஏழு பிள்ளைகள், ஓர் ஆசிரியை

அபரிஸ்ட்வித் அப்படிப்பட்ட ஒரு கடற்கரை நகரம். அங்கே இவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ் என்பவர் வாழ்ந்தார். 1922இல் வெல்ஷ் மொழி பேசும் சிறுவர் சிறுமியருக்காக ‘இர்த்’ என்ற இளைஞர் இயக்கத்தைத் தொடங்கியவர். அவருடைய தந்தை ஓ. எம். எட்வர்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது, பள்ளியில் வெல்ஷ் பேசியதற்காகக் கழுத்தில் கட்டை மாட்டப்பட்டவர். அந்தக் கட்டைக்கு ‘வெல்ஷ் நாட்’ என்று பெயர். வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் அதைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் பேசுகிறாரோ அவருக்கு மாறும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அந்தச் சிறுவன் வளர்ந்து 1907இல் வேல்ஸின் முதல் தலைமைப் பள்ளி ஆய்வாளர் ஆனார். பள்ளிகளில் வெல்ஷ் நுழைய வேண்டும் என்று பாடுபட்டார்.

மகன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1939 செப்டம்பர் 25 அன்று, போர் அறிவித்து மூன்றே வாரங்களில், அபரிஸ்ட்வித்தில் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திறந்தார். பிள்ளைகள் ஏழு பேர். அவர்களில் ஒருவன் அவருடைய ஐந்து வயது மகன் ஓவன். ஆசிரியை நோரா ஐசக். அப்போது அவருக்கு வயது 24. தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்தவர், இர்த் இயக்கத்தில் பணியாற்றியவர்.

அவருடைய நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். எல்லாப் பாடங்களையும் வெல்ஷ் மொழியில் நடத்தும் முன்மாதிரிப் பள்ளி ஒன்றும் அவருக்கு முன்னால் இல்லை. நாட்டில் போர். அந்த நேரத்தில் ஏழு குழந்தைகளுக்காகத் தனிப் பள்ளியா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் பத்தாண்டுகள் அங்கே நின்றார். பள்ளி வளர்ந்தது. பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பணிபுரிந்து, நாடகத்தின் வழியே கற்பிக்கும் முறையை அடுத்த தலைமுறை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார். அந்த ஐந்து வயது ஓவன், 1982இல் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக இருந்தார்.

மூடப்பட்ட மலைப்பள்ளி

அதே கல்வியாண்டில் இன்னொரு பள்ளிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நாட்டின் நடுவே எப்பிண்ட் என்றொரு மலைப்பகுதி. தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்த வெல்ஷ் குடும்பங்கள் சிதறிய வீடுகளில் வாழ்ந்தன. பாபெல் என்ற சிறு தேவாலயமும் கிலியெனி பள்ளத்தாக்கில் ஒரு சிறு பள்ளியும் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தன.

பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று இராணுவம் சுமார் 30,000 ஏக்கரைக் கேட்டது. 1940 வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. கெடு ஜூன் கடைசி வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேல் இல்லை. 54 வீடுகள், 219 பேர். பள்ளி மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறிப்போனார்கள்.

கார்டிஃப் அருங்காட்சியகத்தில் நாட்டுப்புற வாழ்வியல் துறையில் பணியாற்றிய இயோர்வெர்த் பீட், காலியாகும் வீடுகளைப் படம் எடுத்துப் பதிவு செய்ய அங்கே போனார். வீட்டுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எங்கிருந்து வருகிறாய் என்று அவரைக் கேட்டார். கார்டிஃப் என்றதும், சீக்கிரம் அங்கேயே திரும்பிப் போய்விடு, இங்கே உலகம் முடிந்துவிட்டது என்ற பொருளில் பதில் சொன்னாராம். போர் முடிந்த பிறகும் அந்த நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் அது இராணுவப் பயிற்சிக் களம்தான். தேவாலயம் இருந்த இடத்தில் கல்லறைக் கற்கள் நிற்கின்றன.

நாசிகளை எதிர்த்த போர் அவசியமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவசியமான போரின் விலையையும் யாரோ கொடுக்கிறார்கள். எப்பிண்ட்டில் அதைக் கொடுத்தது ஒரு மொழியைப் பேசிய சிறு சமூகம்.

வானொலியில் ஒரு விழா

கல்வியாண்டின் முடிவில் ஆகஸ்ட் வந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் வேல்ஸ் மக்கள் கூடும் பெருவிழாவுக்கு ஐஸ்டெத்வொட் என்று பெயர். கவிதை, பாட்டு, உரைநடைப் போட்டிகள் நடக்கும். சிறந்த மரபுக் கவிதைக்குப் பரிசு ஒரு நாற்காலி. முதல் உலகப் போர் மூண்ட 1914இல் விழா நடக்காமல் நின்றுபோனது. 1940இல் நிலைமை அதைவிட மோசம். பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது; பிரிட்டன் மீது விமானப் போர் நடந்துகொண்டிருந்தது. பெருங்கூட்டம் கூட வழியில்லை. மவுண்டன் ஆஷ் என்ற ஊரில் நடக்க இருந்த விழாவை வானொலிக்கு மாற்றினார்கள்.

போர் தொடங்கியதும் பிபிசி தன் வட்டார ஒலிபரப்புகளை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையாக்கியிருந்தது. வெல்ஷ் மொழிக்குக் கிடைத்தது வாரத்தில் சிறு பொழுதே. அந்தச் சிறு இடத்துக்குள்தான் விழா நடந்தது. பந்தல் இல்லை, கைதட்டல் இல்லை; மக்கள் வீட்டு வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். நாற்காலியை வென்றவர் டி. ரோலண்ட் ஹியூஸ். சிலேட்டுக்கல் சுரங்கத் தொழிலாளியின் மகன். பிபிசியின் கார்டிஃப் நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் அவரை மெல்ல முடக்கியது. ஆனாலும் 1943 முதல் 1947 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நாவல்கள் எழுதினார்.

நமக்கு என்ன?

ஒரே கல்வியாண்டில் ஒரு பள்ளி மூடப்பட்டது, ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அபரிஸ்ட்வித்தில் இயக்கம் இருந்தது, வழி தெரிந்த பெற்றோர் இருந்தார்கள். அதனால் பள்ளி வந்தது. எப்பிண்ட் ஆட்டுக்காரர்களிடம் அது எதுவும் இல்லை. அதனால் இருந்த பள்ளியும் போனது. தாய்மொழிக் கல்வி வசதியுள்ளவர்களின் முயற்சியாக மட்டும் நின்றிருந்தால், ஏழு பிள்ளைகள் எழுபதாகியிருப்பார்கள், அதோடு நின்றிருக்கும்.

நிற்கவில்லை என்பதுதான் செய்தி. பெற்றோரின் விருப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 1944 கல்விச் சட்டம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 1947 மார்ச் 1 அன்று லனெல்லி நகரில் உள்ளாட்சி நிர்வாகமே ஒரு வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளியைத் திறந்தது. தொழிலாளர் நிறைந்த ஊர் அது. 1956இல் வடக்கே முதல் வெல்ஷ் வழி மேல்நிலைப்பள்ளி வந்தது. தனியார் தொடங்கியதை அரசுப் பள்ளி ஏற்றுக்கொண்டபோதுதான் அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. அரசுப் பள்ளி ஆசிரியராகிய நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நண்பர்களே, அடுத்த முறை இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்தும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அட்டை கட்டிக்கொண்டு மொழி தெரியாத ஊரில் இறங்கிய குழந்தைக்கு முதல் நாள் வகுப்பில் என்ன தேவைப்பட்டிருக்கும்? கிலியெனி பள்ளியின் கடைசி நாளில் அந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்? விடை பாடநூலில் இல்லை. நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், குறிப்பாக வேறு ஊரிலிருந்து வேறு மொழியோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, நமக்கே அதைச் சொல்லிக் கொடுக்கக்கூடும்.