பழங்காசும் அதன் களிம்பும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசப் பணித்த பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. தமிழாசிரியனுக்குக் காசைப் பற்றி யாது தெரியும் என்று சிலர் நகைத்தல் கூடும். காசு எம்மிடம் நெடுநாள் தங்கியதில்லை என்பது மெய்யே. ஆயினும், பழங்காசு ஒன்றை எம் கையாலேயே கெடுத்த வரலாறு எமக்கு உண்டாதலின், அதுபற்றிப் பேசுதற்கு ஒருவாறு உரிமை உடையேம்.

செய்தி நீங்கள் அறிந்ததே. காலஞ்சென்ற நம் உறுப்பினர் ஒருவரின் இல்லத்தார், அவர் பெட்டியிலிருந்த பழைய நாணயங்களை நம் சங்கத்து மாணவர் உதவி நிதிக்கென்று மனமுவந்து அளித்துள்ளனர். விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய்கள் சில. 1911ஆம் ஆண்டு பொறித்த ரூபாய் ஒன்று. கறுத்துப் பச்சை படர்ந்த சதுரச் செப்புக் காசுகள் மூன்று. ஆண்டு விழாவிற்கு முன் அவற்றைப் பளபளவென்று துலக்கிக் காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்பர் நிர்வாகிகளுள் ஒரு சாரார். அயல்நாட்டிற்கு அனுப்பித் தரச்சான்று பெற்று மிகுவிலைக்கு விற்றல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் நம் பிள்ளைகளின் கல்வி கருதியே கூறுகின்றனராதலின், எவரையும் குறை கூறல் எம் நோக்கமன்று. செய்யத்தக்கது யாது என்று ஆராய்தலே நோக்கம்.

முதற்கண் துலக்குதலை எடுத்துக்கொள்வோம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்து ஒளிபெறச் செய்தல் நம் இல்லங்களின் நல்வழக்கம். சைவ சித்தாந்த நூலோரும் உயிரைப் பற்றிய மலத்திற்குச் செம்பிற் களிம்பையே உவமை கூறினர். ஆகவே களிம்பு என்ற அளவிலே அது நீக்கற்பாலது என்னும் எண்ணம் நமக்குத் தோன்றுதல் இயல்பு. விளக்கிற்கு அது தகும், பழங்காசிற்குத் தகாது. விளக்கு இன்றும் நாளையும் ஏற்றுதற்குரியது. பழங்காசோ, தான் வழங்கிய காலத்திற்குச் சான்றாய் எஞ்சி நிற்பது. அதன் மேனியிலுள்ள ஒவ்வொரு கோடும் அச்சான்றின் பகுதியாகும்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால். செம்பு பச்சை பூப்பது ஈரமும் காற்றும் கூடுதலால். இரண்டிலும் காசின் மேற்புற உலோகமே மாறிப் படலமாகின்றது. அப்படலம் வெளியிலிருந்து வந்தொட்டிய அழுக்கு அன்று. காசின் தோலே அது. புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்க்குங்கால் அத்தோல் உரிகின்றது. உடன் எழுத்தின் விளிம்பும் உருவத்தின் நுண்மையும் தேய்கின்றன. அச்சுக்கூடத்தில் அடித்தபோது உலோகம் பரந்தோடியதால் உண்டான இயற்கை ஒளி ஒருமுறை போயின் மீளாது. தேய்த்தபின் தோன்றும் பளபளப்பு ஆயிரம் நுண்கீறல்களின் மினுக்கமே. பயின்ற கண் அதனைக் கண்ட மாத்திரத்தே அறியும்.

இனி எம் பிழையைக் கூறுவோம். எமக்கு வயது பன்னிரண்டு இருக்கும்போது, எம் பாட்டனாரின் வெற்றிலைப் பெட்டியில் சதுரமான செப்புக் காசு ஒன்று கிடைத்தது. ஒருபுறம் ஏதோ ஒரு விலங்கின் வடிவு. மறுபுறம் கோடுகளால் ஆன மீன் போன்ற ஒன்று. விலங்கின் மேற்புறத்தே களிம்பு தடித்திருந்தது. யாம் அதனைக் கிணற்றடியில் வைத்து, புளியும் செங்கற்பொடியும் கொண்டு ஒரு பிற்பகல் முழுதும் தேய்த்தோம். காசு பொன்போல் ஒளிர்ந்தது. எம் பாட்டியார் மகிழ்ந்து எமக்கு வெல்லம் கொடுத்தார்.

ஆண்டுகள் பல கழிந்து, புலவர் வகுப்பிற் பயின்ற நாளில், நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் வெளிப்படுத்திய சங்க காலப் பாண்டியர் காசின் படத்தைக் கண்டோம். ஒருபுறம் குதிரை, அதன்மேல் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயர், மறுபுறம் கோட்டுருவ மீன். வழுதி என்பது பாண்டியர் பெயர் என்பதை யாம் புறநானூற்றால் அறிந்திருந்தோம். ஏட்டில் வாழ்ந்த பெயர் செம்பில் எழுந்து நிற்கக் கண்டபோது மெய் சிலிர்த்தது. மறுகணமே எம் பாட்டனார் காசு நினைவிற்கு வந்தது. ஊருக்கு ஓடிச்சென்று எடுத்துப் பார்த்தோம். எழுத்திருக்கத்தக்க இடம் வழுவழுப்பாய் இருந்தது. அங்கே எழுத்து இருந்ததோ, இல்லையோ? இருந்திருப்பின் யாது பெயரோ? இனி எவராலும் அறிய இயலாது. அக்காசு இன்றும் எம்மிடம் உள்ளது. அதற்கு விலையும் இல்லை, பேச்சும் இல்லை.

குறையெனத் தோன்றுவதும் சான்றாதல் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் குறுக்கே உளி வெட்டு இருந்தது. அவை மீண்டும் நாணயமாய்ச் செலாவணியாகாதவாறு வெட்டப்பட்டன என்று அறிஞர் கருதுவர். ‘அழகு கெட்டது’ என்று எவரேனும் அவ்வெட்டைத் தட்டி நிரவியிருப்பின், அவ்வரலாறும் உடன் மறைந்திருக்கும்.

அங்ஙனமாயின் களிம்பை என்றும் தொடலாகாதோ எனின், ஒரு விலக்கு உண்டு. இறுகிக் கறுத்த படலம் காசைக் காப்பது, அதனை விடுக. வெளிர்பச்சைத் தூளாய் உதிரும் களிம்போ செம்பை அரிக்கும் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து விளைப்பது. அத்தகைய காசை உடனே மற்றவற்றினின்று பிரித்து, ஈரமின்றி வைத்து, அருங்காட்சியகத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும். வெறும் மண் ஒட்டியிருப்பின், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காது ஒற்றி உலர்த்தலாம். வீட்டார் செய்யத்தக்கது அவ்வளவே.

இனித் தரச்சான்று. ஷெல்டன் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செண்டுக் காசுகளின் நிலையை அளக்க 1 முதல் 70 வரை எண்ணிட்டு ஓர் அளவையை 1949இல் வெளியிட்டார். பின்னர் அது பிற காசுகளுக்கும் பரவியது. 1986இல் பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனமும் 1987இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனமும் அவ்வளவையைக் கொண்டு காசுகளைத் தரம் பார்க்கத் தொடங்கின. காசு மெய்யோ போலியோ என்று ஆராய்ந்து, எண்ணிட்டு, ஒளி ஊடுருவும் உறையுள் இட்டு முத்திரை வைப்பர். விற்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் அறியாவிடத்து இது பெருநன்மையே.

ஆயினும் மூன்றினைக் கருதுதல் வேண்டும். ஒன்று: சான்று காசின் தரத்தை உயர்த்துவதன்று, உள்ளதை உள்ளவாறு கூறுவது. தேய்த்த காசிற்குப் பெரும்பாலும் எண் இடாது, ‘துலக்கப்பட்டது’ என்னும் குறிப்பே இடுவர். எனவே முதற்சாரார் வழியிற் சென்றால் இரண்டாஞ்சாரார் வழி அடைபடும். இரண்டு: எளிதிற் கிடைக்கும் ரூபாய்க்குக் காசின் விலையினும் கட்டணமும் அஞ்சற்செலவும் மிகும். மூன்று: சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாம். மத்திய அரசும் அதன் அதிகாரம் பெற்ற அமைப்பும் அன்றிப் பிறர் அதனை நாட்டிற்கு வெளியே அனுப்புதல் குற்றம். நமக்கு வந்த காசு ஒவ்வொன்றும் நூறாண்டு கடந்ததே. ஆகவே அயல்நாட்டிற்கு அனுப்பும் பேச்சை இங்கேயே விடுதல் தகும்.

அந்த 1911ஆம் ஆண்டு ரூபாயைப் பற்றி ஒரு சொல். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலாடையில் சிறு யானை ஒன்று உண்டு. அதன் துதிக்கை குறுகியிருந்தமையால் பன்றிபோல் தோன்றுகின்றதென்று மக்கள் மனம் புண்பட்டனர். அரசினர் அதன் வெளியீட்டை நிறுத்திப் பெரும்பகுதியை உருக்கி, 1912இல் திருத்திய உருவத்தோடு வெளியிட்டனர். ‘பன்றி ரூபாய்’ என்று அதனை நாணயம் சேர்ப்போர் தேடுதல் அதனாலேயே. கடுகளவான அவ்வுருவமன்றோ அக்காசின் வரலாறு! விழாவிற்கு முதல்நாள் ஒருவர் பற்பொடி கொண்டு தேய்த்தால் முதலில் மறைவது அதுவே.

ஆதலின் எம் கருத்து இது. எக்காசையும் துலக்கற்க. ஒவ்வொன்றையும் விளிம்பிற் பிடித்து, இருபுறமும் படமெடுத்து, எடையும் அளவும் குறித்துப் பதிவேடு செய்க. பி.வி.சி. நெகிழி உறை நாளடைவிற் காசைக் கெடுக்குமாதலின் அதனை விலக்குக. செப்புக் காசுகள் நிலத்திற் கிடைத்தவையோ என்று அவ்வில்லத்தாரை வினவுக. புதையலாயின் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்கு அறிவித்தல் கடன். அன்றெனினும், எழுத்துளதோ என்று அறிந்தோர் பார்க்குமுன் அவற்றை விற்றல் வேண்டா. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தார்க்குக் காட்டுக. விக்டோரியா ரூபாய்களை உள்ளபடியே, உரிமம் பெற்ற வணிகரிடம் விற்று நிதியிற் சேர்க்க. 1911ஆம் ஆண்டுக் காசினை மட்டும் வல்லுநர் இருவரிடம் தனித்தனியே காட்டி, மெய்யென்று தெளிந்தபின், நம் நாட்டிற்குள்ளேயே சான்று பெற இயலுமாயின் பெற்று விற்க.

விற்றலை நாளையும் செய்யலாம். சான்று பெறுதலை மறு ஆண்டும் செய்யலாம். தேய்த்தலை மட்டும் ஒருமுறை செய்தால் மீட்க இயலாது. மீட்க இயலாததை இறுதியில் வைத்தலே அறிவுடைமை.

விழாவன்று அக்காசுகள் கறுத்தபடியே நம் பிள்ளைகளின் முன் இருக்கட்டும். ‘ஏன் ஐயா, இவை துலக்கப்படவில்லை?’ என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், எம் பாட்டனார் காசை அவன் உள்ளங்கையில் வைத்து விடை கூறுவோம்.