பந்தும் பந்தயமும்

கால்பந்து என்றவுடன் நம் நாட்டார் மனத்தில் தோன்றுவது கல்கத்தா மைதானமும், வலைக்குள் பாயும் உருண்டைப் பந்துமேயாகும். அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. அங்கே பந்து இருமுனையும் கூர்த்து நீண்டிருக்கும். காலால் உதைப்பது எப்போதோ சில வேளைகளில்தான். கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை மறித்து வீழ்த்துவதுமே பெரும்பான்மை. பெயர்ப் பொருத்தம் பற்றி நாம் அவர்களோடு வழக்காட வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் ஒருவனுக்குரிய இடத்தையும், அவனைச் சுற்றி வளர்ந்துள்ள பந்தயத் தொழிலையும் பற்றியே இங்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

அணிக்குப் பதினொருவர். ஆடுகளம் கோட்டுக்குக் கோடு 100 கஜம். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் நடுவில் குனிந்து நிற்பவன் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குத் தள்ளுகிறான். அதனைப் பெறுபவனே குவார்ட்டர்பேக். பந்தைத் தோழனிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடுபவனுக்கு எறிவதா, தானே ஏந்தி ஓடுவதா என்பதை அவன் இரண்டு மூன்று விநாடிகளில் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் மல்லர் நால்வர் ஐவர் அவனைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவர். நம் கிரிக்கெட்டிலே ஆட்டம் ஒரு பந்துவீச்சாளனிடமிருந்து மற்றொருவனுக்கு மாறுகிறது. குவார்ட்டர்பேக்கின் பொறுப்போ ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் ஒருவனிடமே தங்குகிறது. இவ்வாறு ஒருவன் கையையே நம்பியிருக்கும் ஆட்டத்தில், சூதாடுவோரின் கண்ணும் அந்த ஒருவன் மீதே விழுந்ததில் வியப்பில்லை.

பந்தயத்தின் முறையையும் சிறிது விளக்க வேண்டும். வலிய அணியும் மெலிய அணியும் மோதினால் எல்லோரும் வலியதன் மேலேயே பணம் கட்டுவர். தரகனுக்கு அதில் ஆதாயமில்லை. ஆகவே புள்ளி இடைவெளி என்றொரு முறை வந்தது. சிகாகோ நகரில் வாழ்ந்த சார்லஸ் மெக்நீல் என்னும் முன்னாள் கணித ஆசிரியர் 1940களில் இதனை வகுத்தார் என்று பலரும் கூறுவர். வலிய அணிக்கு ஏழு புள்ளி என்று தரகன் அறிவித்தால், அதன் மேல் பணம் கட்டியவன் வெல்ல, அந்த அணி ஏழுக்கு மேற்பட்ட புள்ளிகளால் வெல்ல வேண்டும். ஐந்து புள்ளியால் வென்றால் அணிக்கு வெற்றி, கட்டியவனுக்கோ தோல்வி. பத்து டாலர் ஈட்ட விரும்புவோர் பதினொரு டாலர் கட்டுவது வழக்கம். இரு பக்கமும் பணம் ஒத்து வந்தால், யார் வென்றாலும் அந்த ஒற்றை டாலர் தரகனுக்கு மிஞ்சும்.

இந்தச் சிறு கணக்கினால் ஆட்டத்தின் கேள்வியே மாறிவிட்டது. யார் வெல்வார் என்று கேட்டவர்கள், எவ்வளவால் வெல்வார் என்று கேட்கத் தொடங்கினர். ஆட்டத்தின் இறுதியில் நாம் காணும் ஒரு காட்சியை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். முன்னணியில் உள்ள அணியிடம் பந்து இருக்கிறது. எதிரியின் எல்லைக் கோடும் அருகில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுகிறான். அத்துடன் அந்த முயற்சி முடிகிறது, கடிகாரம் ஓடுகிறது, வெற்றி உறுதியாகிறது. இடையூறின்றி வெல்லத் தெரிந்தவன் செய்யும் அறிவான செயல் அது. ஆயினும் இன்னும் மூன்று புள்ளி வந்திருந்தால் தன் பந்தயம் பலித்திருக்கும் என்று அரங்கிலும் இல்லத்திலும் தலையில் கைவைத்துக்கொள்வோர் பலர். அவர்களுக்கு அவன் இழைத்த தீங்கு யாது? வென்றதுதான்!

சிறிதளவு குறைத்து வெல்லவோ, சிறிதளவு கூட்டித் தோற்கவோ ஒருவனை விலைக்கு வாங்கலாம் என்னும் எண்ணமும் இம்முறையோடு வலுத்தது. முழுத் தோல்விக்கு உடன்படாத மனமும், வெற்றியைச் சற்றுக் குறைக்க இசையக்கூடும் அன்றோ? 1946 டிசம்பர் 15ஆம் நாள் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் சிகாகோ பேர்ஸ் அணியும் பட்டத்துக்காக மோத இருந்தன. ஜயண்ட்ஸ் அணியின் எறிவீரர் ஃபிராங்க் ஃபில்சாக், அவருடைய தோழர் மெர்ல் ஹேப்ஸ் ஆகிய இருவரையும் ஆல்வின் பாரிஸ் என்னும் சூதாடி பணம் காட்டி அணுகியது ஆட்டத்துக்கு முன்பே வெளியாயிற்று. நகர மேயரே இருவரையும் அழைத்து வினவினார். அணுகியது உண்மை என்று ஹேப்ஸ் ஒப்புக்கொண்டார். அவரை ஆட விடவில்லை. ஃபில்சாக் மறுத்தார், அவரை ஆட விட்டனர். அன்று அவர் எறிந்த பந்துகளில் இரண்டு எல்லையைக் கடந்து புள்ளி சேர்த்தன. பல எதிரணியார் கையிற் சிக்கின. சிகாகோ 24-14 என வென்றது. ஒவ்வொரு தவறான எறிதலின் போதும் பார்த்திருந்தோர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். பின்னர் நீதிமன்றத்தில், தம்மையும் அணுகியதுண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். அவர் பணம் பெற்றார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. தெரிவிக்காமல் இருந்ததே குற்றமாயிற்று. லீகின் ஆணையர் பெர்ட் பெல் இருவரையும் காலவரையின்றி விலக்கினார். ஃபில்சாக் கனடாவுக்குச் சென்று ஆடினார். 1950இல்தான் அவர் மீதான தடை நீங்கியது.

ஐயம் ஒருமுறை புகுந்தால் நேர்மையானவனையும் அது விடுவதில்லை. 1958ஆம் ஆண்டின் பட்டப் போட்டி அமெரிக்கக் கால்பந்து வரலாற்றிலேயே தலைசிறந்ததாகப் பலர் போற்றுவது. சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்ற அந்த ஆட்டத்தில், பால்டிமோர் கோல்ட்ஸ் அணி எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. பந்தை உதைத்து மூன்று புள்ளி பெற்றாலே பட்டம் கையில். ஆனால் குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டாஸ் துணிந்து பந்தை எறிந்தார். அடுத்த முயற்சியில் ஆலன் அமீச்சி கோட்டைக் கடந்தார். 23-17 என்று ஆறு புள்ளி வெற்றி. அன்றைய புள்ளி இடைவெளி மூன்றரை என்று சொல்லப்பட்டதால், உதைக்காமல் விட்டதற்கு வேறு காரணம் உண்டோ என்று முணுமுணுப்பு எழுந்தது. சான்று எதுவும் வரவில்லை; முணுமுணுப்பும் அடங்கவில்லை. ஹான்ஸி குரோன்யே மீது 2000ஆம் ஆண்டு தில்லிக் காவல்துறையினர் வழக்குப் பதிந்த பின்பு, விந்தையாக ஆட்டமிழந்த ஒவ்வொருவரையும் ஒரு கண் சுருக்கிப் பார்க்கப் பழகிய நமக்கு இது புதிதன்று.

லீக் கடுமை காட்டியதை மறுக்க இயலாது. 1963இல் ஆணையர் பீட் ரோசெல், பந்தயம் கட்டிய குற்றத்துக்காக பால் ஹார்னங், அலெக்ஸ் காரஸ் என்னும் இரு புகழ்பெற்ற வீரர்களை ஓராண்டு ஆடவிடாமல் நிறுத்தினார். 1969 ஜனவரியில், பதினெட்டுப் புள்ளியளவு மெலிந்ததென்று தரகர்கள் மதிப்பிட்ட நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு வெற்றி உறுதி என்று முன்கூட்டியே கூறி, 16-7 என வென்றும் காட்டியவர் ஜோ நாமத். அவ்வாண்டு ஜூன் மாதமே, அவருடைய மதுக்கடைக்குச் சூதாடிகள் வந்துபோகிறார்கள் என்று ரோசெல் ஆட்சேபித்தார். நாமத் கண்ணீருடன் ஓய்வு அறிவித்தார். அடுத்த மாதம் கடையில் தம் பங்கை விற்றுவிட்டுத் திரும்பினார். வீரனுக்கும் சூதாடிக்கும் இடையே ஒரு மேசை கூடப் பொதுவாக இருத்தலாகாது என்பது அக்காலத்துச் சட்டம்.

எனினும் அந்த வேலி வெளியிலிருந்து வருபவனைத்தான் தடுத்தது. ஆர்ட் ஷ்லிக்டர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற குவார்ட்டர்பேக். 1982இல் வீரர் தேர்வில் நான்காமவராகப் பால்டிமோர் அணி அவரை எடுத்தது. எவரும் அவரை விலைக்கு வாங்க வரவில்லை. அவரே தரகர்களிடம் சென்றார். கைப்பணம் கரைந்து, கடன் ஏறி, தரகர்கள் மிரட்டத் தொடங்கியபின் மத்தியப் புலனாய்வுத் துறையை நாடினார். 1983இல் அவர் விலக்கப்பட்டார். 1984இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1985இல் அவருடைய ஆட்டமே முடிந்தது. சூது மட்டும் முடியவில்லை. அதற்குப் பணம் தேட மோசடி, மோசடிக்குச் சிறை என்று ஆண்டுகள் கழிந்தன. 2012இல் பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். நளன் கதையிலே கலி விலகும் நாள் ஒன்று வருகிறது. இவர் வாழ்வில் அந்நாள் எளிதில் வரவில்லை. இதை மன உறுதியின் குறை என்று மட்டும் சொல்லி அகல்வது நமக்கு உடன்பாடன்று. சூதாட்ட வெறி ஒரு நோய் என்பதை இக்கால மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது.

இனி மாற்றத்துக்கு வருவோம். 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் புதிதாக அனுமதிக்கலாகாது என்றது. முன்பே இடங்கொடுத்திருந்த நெவாடா முதலிய சில மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு. சட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் பில் பிராட்லி என்னும் செனட்டர். அவரே முன்னாள் கூடைப்பந்து வீரர். நியூ ஜெர்சி மாநிலம் இதனை எதிர்த்து வழக்காடிற்று. கால்பந்து லீகும் பிற விளையாட்டு அமைப்புகளும் சட்டத்தின் பக்கம் நின்றன. 2018 மே 14ஆம் நாள் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. பந்தயம் நல்லதா தீயதா என்பதை நீதிபதிகள் முடிவு செய்யவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. மாநிலச் சட்டமன்றம் எதை இயற்றலாம், எதை இயற்றலாகாது என்று கட்டளையிடக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பு. அரசியலமைப்பின் ஒரு நுட்பத்தால் திறந்த கதவு வழியே ஒரு பெருந்தொழில் உள்ளே நுழைந்தது. 2025க்குள் 35க்கு மேற்பட்ட மாநிலங்கள் இசைவு தந்துவிட்டன.

லீகின் மனமாற்றத்தைக் காட்ட ஒரே மனிதரின் கதை போதும். டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ, கற்பனை அணி அமைத்து ஆடும் ரசிகர்களுக்காக 2015இல் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு மாநாடு கூட்ட ஏற்பாடு செய்தார். இடம் ஒரு சூதாட்ட விடுதியைச் சார்ந்தது என்று லீக் தடுத்தது, மாநாடு நின்றது. 2020இல் ஒரு லீக் அணியே அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. 2021இல் மூன்று பந்தய நிறுவனங்களை லீக் தன் அதிகாரபூர்வக் கூட்டாளிகளாக ஏற்றது. 2024 பிப்ரவரியில் ஆண்டின் இறுதிப் போட்டியே லாஸ் வேகாஸில் நடந்தது. அப்போட்டியைத் தொலைக்காட்சியில் வருணித்த இருவருள் ஒருவர் டோனி ரோமோ!

வேலி முற்றும் விழுந்துவிடவில்லை. அது வீரனைச் சுற்றி மட்டும் நிற்கிறது. கால்வின் ரிட்லி என்னும் வீரர் 2021இல், தாம் ஆடாது விடுப்பில் இருந்த நாட்களில், கைப்பேசி வழியே 1,500 டாலர் அளவு பந்தயம் கட்டினார். அதற்காக 2022ஆம் ஆண்டு முழுவதும் ஆட்டத்தையும், ஒரு கோடியே பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட ஊதியத்தையும் இழந்தார். விதியை மீறியவர் தண்டனை பெற்றது முறையே. ஆயினும் பந்தய நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு இடையே ஆடும் ஒருவனுக்கு, அதன் பக்கம் திரும்பாதே என்று சொல்லும் நிலை சற்று வேடிக்கையானதுதான்.

காயப்பட்டியலும் அத்தகையதே. எவருடைய தோள் வலிக்கிறது, எவருடைய கணுக்கால் பிசகியது, அவர் ஆடுவது ஐயமா, அரிதா, இல்லவே இல்லையா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அணிகள் வெளியிட வேண்டும். இரகசியச் செய்தி சூதாடிகளுக்கு மட்டும் எட்டலாகாது என்னும் நல்லெண்ணத்தில், பெர்ட் பெல் காலத்திலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இன்று பட்டியலில் குவார்ட்டர்பேக்கின் பெயர் ஏறினால் புள்ளி இடைவெளி உடனே நகர்கிறது. சிறந்தவன் ஒருவன் ஆடாவிடில் ஐந்தாறு புள்ளிகள் கூட நகரும். வேறெந்த இடத்து ஆட்டக்காரனுக்கும் இவ்வளவு விலை இல்லை. ஒரு மனிதனின் மூட்டு வீக்கம் நாடு முழுவதும் எண்ணாக வாசிக்கப்படுகிறது.

பந்தயமும் இப்போது ஆட்ட முடிவோடு நிற்பதில்லை. அவன் இன்று எத்தனை கஜம் எறிவான், எத்தனை பந்து எதிரியிடம் சிக்கும், அடுத்த எறிதல் கைசேருமா என்று ஒவ்வொன்றின் மீதும் ஆட்டம் நடக்கும்போதே கைப்பேசியில் பணம் கட்டலாம். அணி வென்றும், தன் எண்ணிக்கை பலிக்காதவன் இரவில் வீரனுக்கே வசை எழுதி அனுப்புகிறான். தருமன் உருட்டிய பகடைக்குச் செவியும் இல்லை, குடும்பமும் இல்லை.

2023 செப்டம்பர் 11ஆம் நாள், நாமத் ஆடிய அதே ஜெட்ஸ் அணிக்காக ஆரன் ராட்ஜர்ஸ் முதன்முறையாகப் போட்டியில் இறங்கினார். வயது 39, பெரும் எதிர்பார்ப்பு. நான்காம் முயற்சியில் எதிரணியார் அவரைச் சாய்த்தனர். எழுந்து நின்றார்; மீண்டும் தாமே களத்தில் அமர்ந்தார். குதிகால் நரம்பு அறுந்திருந்தது. அவ்வாண்டில் அவர் எறியப்போகும் கஜங்களின் மேல் கட்டப்பட்டிருந்த பந்தயங்கள் அந்த இடத்திலேயே முடிந்தன. ஜெட்ஸ் அணி அன்றிரவு கூடுதல் நேரத்தில் 22-16 என வென்றது. ராட்ஜர்ஸ் அவ்வாண்டு மீண்டும் களமிறங்கவில்லை.