தமிழ் எழுதும் விசையும் திரையும்

வகுப்பறையில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. மாணவன் ஒருவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதிவிடுகிறான். தாளில் நாம் காண்பது ஒரே ஒரு பிழை. ஆனால் அப்பிழை பிறந்த இடம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஆசிரியர் சொன்ன ஒலி அவன் செவியிற் சரியாக விழாதிருக்கலாம். செவியில் விழுந்தும் சொல்லின் உரு அவன் மனத்திற் பதியாதிருக்கலாம். மனத்திற் பதிந்தும் கை தவறியிருக்கலாம். செவியின் குறைக்கு மீண்டும் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். மனத்தின் குறைக்குச் சொல்லைக் கற்பித்தல் வேண்டும். கையின் குறைக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். இடம் அறியாமல் ‘நூறு முறை எழுது’ என்று தண்டிப்பவர் மாணவனையும் வருத்தித் தம்மையும் வருத்திக்கொள்கிறார்.

அன்பார்ந்த நேயர்களே! ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற இப்பழைய முறை, கணினியில் தமிழ் எழுதுவோர்க்கும் வழிகாட்டும் என்பது என் எண்ணம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பழனியிலும் ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி முதலிய அண்டை ஊர்களிலும் உள்ள மாணவர் சிலர் தங்கள் கணினிகளை என்னிடம் கொண்டுவருவதுண்டு. அவற்றுட் பல, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த முயற்சி அது. விலையின்றிக் கிடைப்பது, உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமையளிப்பது. அதனையே அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை 2007-இல் ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுட் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. ஆதலின் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் முற்றிலும் அயலான பொருள் அன்று.

இவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: ‘ஐயா, இதில் தமிழ் வரவில்லை.’ இது, மருத்துவரிடம் சென்று ‘உடம்பு சரியில்லை’ என்று கூறுவதை ஒக்கும். எந்த உறுப்பில் என்ன நோய் என்பது அதனால் விளங்காது. கணினியில் ஓர் எழுத்துத் தோன்றுவதற்குள் மூன்று செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, விரல் விசையை அழுத்துகிறது. இரண்டாவது, கணினி அதனை ஓர் எண்ணாகத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரை காட்டுகிறது. விசை, நினைவு, திரை என இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், குழப்பத்திற் பாதி அப்பொழுதே நீங்கிவிடும்.

முதலில் விசையைப் பார்ப்போம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என எழுத்துகள் 247. இவற்றைச் சில பத்து விசைகளுள் அடக்குதல் எளிதன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்துத் தந்தார். கணினி வந்தபின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையை வகுத்தனர். இவ்வேறுபாடுகளைக் களையும்பொருட்டு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை உருப்பெற்றது. தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது.

தமிழ் 99 நம் இலக்கணத்தோடு இயைந்தது. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ப, ழ, ன, இ என்னும் நான்கு விசைகளை அழுத்தினால் ‘பழனி’ என்று வந்துவிடும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ போதும். முதல் மகரத்தின் மேல் புள்ளி தானே வந்து அமரும். ‘அங்கு’ என்பதிலும் அவ்வாறே. ஙகரத்தை அடுத்துக் ககரம் வருமாயின் ஙகரம் தானாகப் புள்ளி பெறும். இனவெழுத்துகளின் உறவை அறிந்து அமைத்த பலகை இது. எழுத்திலக்கணம் கற்ற மாணவன் இதனைச் சில நாட்களிற் பழகிக்கொள்வான்.

இங்கே லினக்ஸில் ஓர் இடறல் உண்டு. அமைப்புகளில் ‘தமிழ் 99’ என்னும் பெயர் இரண்டு இடங்களில் வரக்கூடும். ஒன்று, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று மட்டும் கூறும் வெறும் விசையமைப்பு. மற்றொன்று, ஐபஸ் என்னும் உள்ளீட்டுப் பொறி ‘எம்17என்’ என்னும் தொகுப்பின் துணையோடு தருவது. முன்னையது விசைக்கு எழுத்து என்னும் கணக்கை மட்டுமே அறியும்; முன் வந்த எழுத்து எது என்று அது நினைவிற் கொள்ளாது. ஆகையால் தானே புள்ளியிடும் விதி அதற்குத் தெரியாது. சோதனை எளிது. அ, ம, ம என்று அழுத்துங்கள். ‘அம்ம’ என்று வந்தால் உள்ளீட்டுப் பொறி இயங்குகிறது. ‘அமம’ என்றே நின்றால், நீங்கள் தேர்ந்தெடுத்தது வெறும் விசையமைப்பு. அதனை நீக்கி, எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, பட்டியலிலிருந்து பின்னையதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆங்கில விசையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. மின்னஞ்சல் முகவரிக்கு வேண்டிய ‘அட்’ குறி, 2-ஆம் எண் விசையில் அச்சிடப்பட்டிருக்கும். அழுத்தினால் மேற்கோட்குறி வரும். விசைப்பலகை பழுதென்று எண்ணிப் புதியது வாங்கியவர்களை நான் அறிவேன். பழுது ஒன்றும் இல்லை. நம் நாட்டுப் பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பின. நிறுவும்போது இங்கிலாந்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இக்குறிகள் இரண்டும் இடம் மாறிவிடும். அமைப்பை மாற்றினால் போதும், பணம் மிச்சம். கடவுச்சொல்லைச் சரியாக அடித்தும் கணினி உள்ளே விடவில்லையென்றால், அங்கும் முதலிற் பார்க்க வேண்டியது, நுழைவுத் திரையில் எந்த மொழியின் விசையமைப்பு நிற்கிறது என்பதே.

அடுத்தது நினைவு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறையின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. 2010-இல் தமிழக அரசு, யூனிகோடையும் டேஸ்16 என்னும் முறையையும் தன் தரங்களாக அறிவித்தது. அதற்கு முன்னர் எழுதப்பட்டவை பல, ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் வடிவத்தை மேலே போர்த்தியவை. பாமினி என்னும் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நீங்கள் காண்பது, கணினியின் நினைவில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வைந்து குறிகளும் அப்படியே வெளிப்படும். இதற்கு விசையைத் திருத்தியும் பயனில்லை. திரையைத் திருத்தியும் பயனில்லை. மாற்றிமென்பொருள் கொண்டு பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவதே வழி.

நினைவிற் புகும் பிழைகளுட் கொடியது, கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘கௌ’ என்னும் எழுத்தைச் சிலர் ககரம், கொம்பு, ளகரம் என மூன்றாகப் பிரித்து அடித்துவிடுகின்றனர். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ முன்னது இரண்டு எண். பின்னது மூன்று எண். ஒரு பள்ளியில், ‘கௌ’ என்று தொடங்கும் பெயருடைய மாணவி ஒருத்தியின் உதவித்தொகை விண்ணப்பம் பட்டியலில் இல்லையென்று திருப்பியனுப்பப்பட்டது. பட்டியலில் அவள் பெயர் இருந்தது, ளகரத்தோடு இருந்தது. தேடுபவர் சரியாக அடித்தார், ஆதலின் கிடைக்கவில்லை. மூன்று முறை அலைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. நேயர்களே, ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நிற்பதால் ஒரு குழந்தையின் உரிமையே மறைந்துபோகக் கூடும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனையொத்த மற்றொரு பிழை, ‘ர்’ என்பதற்குப் பதிலாகத் துணைக்காலை இட்டு அதன் மேல் புள்ளி வைப்பது. ‘அவர்கள்’ என்னும் சொல்லை இவ்வாறு எழுதியிருப்பதை அறிவிப்புகளிலும் அழைப்பிதழ்களிலும் அடிக்கடி காணலாம். கண்ணுக்கு அது ரகரமெய். கணினிக்கு அது பொருளற்ற கூட்டு. அச்சிட்டால் ஒருவாறு தப்பிவிடும், தேடினால் அகப்படாது.

மூன்றாவது திரை. எழுத்துக்குப் பதிலாக வெறுங் கட்டங்கள் வரிசையாகத் தோன்றினால், அந்த வடிவங்களைக் கொண்ட எழுத்துரு கணினியில் இல்லை என்பது பொருள். இக்கட்டங்களைச் சோயாப் பாலிற் செய்யும் ‘டோஃபு’ என்னும் உணவுக் கட்டியின் பெயரால் அழைப்பது கணினியாளர் வழக்கம். ‘டோஃபு இல்லை’ என்னும் கருத்திலேதான் கூகுள் நிறுவனம் தன் எழுத்துருத் தொகுதிக்கு ‘நோட்டோ’ என்று பெயரிட்டது. அத்தொகுதியின் தமிழ் எழுத்துருவையோ, லோஹித் தமிழையோ நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் கட்டங்கள் மறையும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

கட்டம் வேறு, புள்ளியிட்ட வட்டம் வேறு. கொம்போ காலோ ஒரு புள்ளி வட்டத்தைத் தாங்கி நின்றால், அது திரையின் குறையன்று. தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முன்னே அடித்து ககரத்தைப் பின்னே அடிப்போம். யூனிகோடிலோ, கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினும், நினைவில் மெய்க்குப் பின்னரே நிற்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால், ‘இக்கொம்புக்கு உரிய எழுத்து இல்லை’ என்று திரை நமக்கு அறிவிக்கிறது. உண்மையைக் கூறும் திரையை நோவதில் நீதியில்லை. இன்னொன்று: கட்டளைகளை அடிக்கும் முனையம் என்னும் சாளரம், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் ஒதுக்குவது. அங்கே தமிழ் நெருக்குண்டு சிதைந்து தோன்றுவது இயல்பு. அதனைக் கண்டு கணினி முழுவதும் பழுதென்று கருதற்க.

வகுப்பறை ஒளிவீழ்த்தியில் படம் மங்கியும் நீண்டும் தோன்றுவதும் திரைக் குறையே. திரை தன் அளவு இன்னதென்று வடத்தின் வழியே கணினிக்குச் சொல்ல வேண்டும். பழைய வி.ஜி.ஏ. வடத்தில் 15 ஊசிகள். அச்செய்தியைக் கொண்டுசெல்லும் ஊசி வளைந்திருந்தால், கணினி ஒரு சிறிய அளவை ஊகித்துக்கொள்ளும். அமைப்புகளைத் துருவுமுன் வேறொரு வடத்தை மாட்டிப் பாருங்கள்.

இடத்தைக் காண்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். பிறர் எழுதிய நல்ல தமிழ் உங்கள் திரையில் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் திரை நன்று. குறை விசையிலோ நினைவிலோ இருக்கிறது. நீங்கள் எழுதியது பிறர் கணினியில் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத பிழைகள் நீங்கலாக, விசையும் நினைவும் நன்று. உங்கள் திரையையே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பத்தை ஒருசேர மாற்றியவர்க்கு நோயும் தெரியாது; மருந்தும் தெரியாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தொல்லையில்லையே என்று கேட்பாரும் உளர். பெரியவர்கள் அவ்வாறு செய்துகொள்ளட்டும். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரைத் திரையில் எழுத விரும்பிக் கட்டங்களைக் கண்டு நிற்கும்போது, அருகில் நிற்கும் ஆசிரியர் ‘கணினிக்குத் தமிழ் வராது’ என்று கூறிவிட்டால், அப்பிள்ளை அதனை ஒரு பாடமாகவே கற்றுக்கொள்கிறது. தன் மொழி அறிவுக்கு உதவாதது என்னும் எண்ணம் அதன் மனத்தில் வேரூன்றுகிறது. பத்து நிமிடத்தில் தீரும் குறைக்கு, வாழ்நாள் முழுதும் நிற்கும் ஒரு தாழ்வைப் பரிசாகத் தருகிறோம். இஃது ஆசிரியர் செய்யத் தகாதது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களையும் பெற்றோர்களையும் நான் வேண்டுவது இதுதான். குறை நேர்ந்தால் குழந்தையை நோகாதீர்கள், மொழியை நோகாதீர்கள். குழந்தையையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, விசையா, நினைவா, திரையா என்று தேடுங்கள். காரணத்தைக் காணும் அந்தப் பயிற்சி, கணினிக்கு மட்டுமன்றி அதன் கல்வி முழுமைக்கும் துணையாகும்.