திருக்கோவிலூர் கண்ட வேடங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

 

பகைவன் எல்லைக்குள் ரகசியமாக ஆள் அனுப்பும் போர்முறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அதற்கும் திருக்கோவிலூருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போங்கள். குள்ள அந்தணனாக வந்து மாவலியிடம் மூன்றடி மண் கேட்டவர் அங்கே காலைத் தூக்கி நிற்கிறார். பெண்ணையாற்றில் கபிலர் குன்று இருக்கிறது. பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரிடம், வாளால் இந்த மலையை வெல்ல முடியாது, யாழோடு பாடி ஆடி வந்தால் பாரி தானே கொடுத்துவிடுவான் என்று புறநானூற்றில் சொன்ன புலவர் அவர். பாரி மாண்ட பிறகு அவர் வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். பாரி மகளை இந்த ஊரை ஆண்ட மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது.

மூன்றாவது கதை உங்களுக்கெல்லாம் தெரிந்தது, மெய்ப்பொருள் நாயனார் கதை. தெரிந்த கதைதானே என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சேதிநாட்டை இங்கிருந்து ஆண்ட அரசர் அவர். முத்தநாதன் பலமுறை படையெடுத்து, யானையும் குதிரையும் ஆட்களும் இழந்து தோற்றுப் போனவன். களத்தில் முடியாததை வேடத்தில் முடிக்கத் துணிந்தான். உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு இரவில் அரண்மனைக்கு வந்தான். திருநீற்றைக் கண்டு காவலர்கள் ஒவ்வொருவராக வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், பொழுது அறிந்து போங்கள் என்று தடுத்துப் பார்த்தான். ஆகமம் சொல்ல வந்தவனைத் தடுக்காதே என்று அதட்டிவிட்டு உள்ளே போனான் முத்தநாதன். எங்கும் கிடைக்காத ஆகமம், தனிமையில்தான் சொல்ல வேண்டும் என்றான். அரசர் தேவியை அனுப்பிவிட்டு, அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தான் தரையில் அமர்ந்தார். அவன் மடியில் வைத்து ஏட்டை அவிழ்த்தான்.

படைக்கலம் துளைக்க முடியாத அரசருக்குள் புகுவதற்கு ஒரே வாசல்தான் இருந்தது. அது அவருடைய பக்தி. பாரியின் வாசல் அவன் ஈகை. மாவலியின் வாசலும் அதுவே. பகைவன் நம் குறைகளைத் தேடி வருவான் என்றுதான் கோட்டை கட்டுகிறோம். வேடக்காரன் நம்மிடம் உள்ள மிக நல்ல குணம் எது என்று பார்த்து, அதற்கேற்ற உடையை உடுத்திக்கொண்டு வருகிறான்.

வள்ளுவர் இதை அறிந்தவர். 59-ஆம் அதிகாரமான ஒற்றாடலில், துறவி வேடத்தில் எங்கும் புகுந்து, என்ன செய்தாலும் சோர்ந்துபோகாதவனே ஒற்றன் என்கிறார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும், ஊரறிய அவனுக்குச் சிறப்புச் செய்யக்கூடாது என்கிறார். இந்தக் கடைசி விதி அதிகாரத்திலேயே மிகத் துயரமானது. செய்தவன் பெயர் யாருக்கும் தெரியாமலே போகும்.

1942-இல் பினாங்கில் இருந்த சுவராஜ் பயிற்சி நிலையத்தை எண்ணிப் பாருங்கள். மலாயாவில் இருந்த நம் இளைஞர்கள் அங்கே ஒற்று வேலை பயின்றார்கள். சிலரை ஜப்பானியர் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரைக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர் மலபார்க் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டார். அவரும் அனந்தன், ஃபௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன் ஆகியோரும் 10.9.1943 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆங்கில அரசு அவர்களை எதிரியின் ஒற்றர் என்றது. அவர்கள் இறங்கிய மண்ணோ அவர்களுடைய தாய்நாடு. முத்தநாதனோடு இவர்களை ஒரு தட்டில் வைக்க நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். அவன் யாரை வணங்குவதாக நடித்தானோ அவரையே குத்தினான். இவர்கள் நேசித்த மண்ணுக்காகவே செத்தார்கள்.

வேடம் கலைந்த பிறகு நடப்பதையும் பேசவேண்டும். கோவூர் கிழார் பாடிய இரண்டு பாடல்கள் புறநானூற்றில் 46, 47 என அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதில், யானைக்காலில் இடப்படவிருந்த மலையமானின் பிள்ளைகளை, அதாவது உங்கள் ஊர்ப் பிள்ளைகளை, சோழன் கிள்ளிவளவனிடமிருந்து காப்பாற்றுகிறார். அடுத்ததில், உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று சந்தேகித்து நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான், அவனையும் காப்பாற்றுகிறார். இங்கே வாயிலைக் காத்தவன் பெயர் தத்தன், அங்கே ஊருக்குள் மாட்டிக்கொண்டவன் பெயர் இளந்தத்தன். ஒற்று பெருகிய நாட்டில் பாடி வந்தவனுக்கும் கழுத்தில் வாள்தான்.

நம் காலத்திலும் இதைப் பார்த்தோம். பின்லேடன் ஒளிந்திருந்த வீட்டைத் துப்பறிய, அபோட்டாபாதில் ஒரு மருத்துவரைக் கொண்டு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தடுப்பூசி முகாம் நடத்தியது. 2011-இல் அது வெளியே தெரிந்தது. ஊசி போட வருகிறவர்கள் மேல் முன்பே இருந்த சந்தேகம் கொழுந்துவிட்டது. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி ஒற்றுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது 2014-இல். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அப்பால் உள்ள ஒரு குடிசை வாசலில் செவிலியர் நிற்கும்போது, தாய் தன் பிள்ளையை மறுபேச்சில்லாமல் நீட்டுகிறாளே, அந்த நம்பிக்கையைத்தான் அங்கே எரித்தார்கள்.

இப்போது மெய்ப்பொருளாரிடம் திரும்புகிறேன். வாளோடு பாய்ந்த தத்தனை, இவர் நம்மவர் என்று அவர் தடுத்தார். பள்ளியில் படித்தபோது எனக்கு இது கோபமூட்டியது. சேக்கிழார் இதைப் பக்தியின் உச்சமாகவே பாடுகிறார், அதில் மாற்றமில்லை. வயதான பிறகு எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. நீறு பூசிய மேனி அன்று வெட்டுண்டிருந்தால், விடிந்ததும் சேதிநாட்டின் ஒவ்வொரு வாயிலிலும் அடியார்களின் மூட்டைகளைக் கத்தி முனையில் அவிழ்த்துப் பார்த்திருப்பார்கள். இளந்தத்தன்கள் நூறு பேர் மாண்டிருப்பார்கள். முத்தநாதன் தொடங்கிய வேலையைத் தத்தனின் வாளே முடித்து வைத்திருக்கும்.

ஆனாலும் எனக்கு அரசரைவிடத் தத்தனை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. தலைவனைக் குத்தியவனுக்கு, அந்தத் தலைவன் சொன்னபடியே, துணையாகத் தெருவில் நடக்க வேண்டும். செய்தி அறிந்து ஊர் திரண்டு மறிக்கிறது. அரசர் ஆணை, விலகுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தையும் விலக்க வேண்டும். ஊரைத் தாண்டி அவனைப் பத்திரமாக விட்டுவிட்டு, அந்த வழி முழுவதும் தனியே திரும்ப வேண்டும். அதுவரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அடியவருக்கு இடையூறு இல்லாமல் விட்டுவந்தேன் என்று தத்தன் வந்து சொன்னான். எனக்கு இன்று நீ செய்ததை வேறு யார் செய்ய முடியும் என்று கேட்டுவிட்டுத்தான், அவர் அரசியற்குரியவர்கள் பக்கம் திரும்பினார்.