கை கற்கும் கல்வி



தமிழ்நாட்டில் 'பயிலரங்கு' என்றும் 'பட்டறை' என்றும் சொல்வதை இலங்கையில் நாம் 'செயலமர்வு' என்கிறோம். நல்ல சொல். அதில் செயலும் இருக்கிறது, அமர்வும் இருக்கிறது. ஆனால் நாம் போய்வருகின்ற பல செயலமர்வுகளில் அமர்வு மட்டுமே மிஞ்சிவிடுகிறது. தலைமையுரை, வரவேற்புரை, தேநீர், சான்றிதழ், குழுப்படம். அத்தோடு வீடு திரும்பிவிடுகிறோம். செயலும் அமர்வும் பிரியாமல் இருக்கும் ஓரிடத்தைக் காட்டும்படி யாராவது கேட்டால், நான் பெரியநீலாவணையிலிருந்து பிரதான வீதி வழியே தெற்கே அழைத்துச் சென்று, பக்கத்து ஊரான மருதமுனையில் ஒரு கைத்தறியின் முன்னால் நிறுத்துவேன்.

மருதமுனை என்றதும் இலக்கிய நெஞ்சங்களுக்குப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களின் நினைவு வரும். மற்றவர்களுக்குச் சாறன் நினைவுக்கு வரும். புலமையும் நெசவும் ஓர் ஊரிலே சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. தமிழில் இழைக்கும் நூல் என்றுதான் பெயர், ஏட்டுக்கும் நூல் என்றுதான் பெயர். பவணந்தி முனிவர் தமது நன்னூலில் இந்த ஒப்புமையை விரித்துக் காட்டுகிறார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கின்ற பெண்ணாகவும், அவன் வாயை அவளது கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் காண்கிறார். புலவனுக்கு உவமையாக அந்த இலக்கண ஆசிரியர் தேடிப்பிடித்தது நூல் நூற்கும் ஒரு பெண்ணை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மருதமுனையில் இளம் பெண்களுக்காக நடந்த நெசவுச் செயலமர்வு ஒன்றில் சில நாட்கள் நானும் உடனிருந்தேன். கற்பித்தவர் தறியிலேயே வயதைக் கழித்த ஒரு ராத்தா. கரும்பலகை இல்லை. "பாத்துக்கிட்டு நிண்டா வராது மகள், இரிங்க" என்பதுதான் அவருடைய முதற்பாடம்.

தறியில் இருப்பதற்கு முன்னால் எத்தனை வேலைகள் முடிந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் கண்டார்கள். கழியாக வரும் நூலுக்குச் சாயமேற்றிக் காயவைக்க வேண்டும். பிறகு அதைச் சுற்றியெடுத்து, நீளவாட்டில் ஓடும் பாவாக ஒழுங்குபடுத்த வேண்டும். பாவின் ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலே கோத்து, சீப்புப் போன்ற அச்சின் இடுக்கிலே இழுத்துவிட வேண்டும். அங்குலத்துக்கு 48 இழை, அகலம் 46 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 2,208 இழைகள். ஒன்றை மாற்றிக் கோத்தாலும் துணி முழுவதும் ஒரு கோடு ஓடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகுதான் நெசவு. காலால் மிதிக்கப் பாவு இரண்டாகப் பிரியும். கயிற்றைச் சுண்ட, ஊடை நூலைச் சுமந்த நாடா குறுக்கே ஓடும். அச்சை இழுத்து அடிக்க, ஓர் இழை துணியாகும். கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டும் முறையை 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் கண்டுபிடித்தார். அந்த ஓசைதான் இன்றைக்கும் நம் கரையில் கேட்கிறது.

புதிதாக அமர்பவர் கண்ணால் நாடாவைத் துரத்துவார். கால் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஊடையை இறுக்கி இழுத்தால் துணியின் கரை உள்ளே ஒடுங்கிவரும். தளரவிட்டால் கரையில் நூல் வளையும். எவ்வளவு இறுக்கம் சரி என்று ராத்தாவிடம் கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து, மூன்று நான்கு முறை அடித்துக் காட்டினார். அந்த அறிவு அவருடைய மணிக்கட்டிலே இருக்கிறது. கை வழியேதான் அது கைமாறும். ஆகவேதான் கைத்தொழிலைப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நாம் ஆறுதலடைய முடியாது.

இதை நன்றாக உணர்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக 1903இல் இலங்கை வந்த அவர், இந்நாட்டுக் கைவினைகளின்பால் ஈர்க்கப்பட்டு, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். நூல் முழுவதும் கையச்சில் அச்சானது. அதற்குப் பயன்பட்டது வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் முன்பு இருந்த அச்சுப்பொறி. அவருடன் இங்கு வந்து, கைவினைகளைப் புகைப்படம் எடுத்த துணைவியார் எதெல், தாயகம் திரும்பிய பின் தறியிலே அமர்ந்து நெசவு கற்றார். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி நூலெழுதினார். டிட்ச்லிங் என்ற ஊரில் அவர் வைத்திருந்த நெசவுக்கூடத்தில் பலர் தறியருகே இருந்தே தொழில் பயின்றார்கள். பார்த்தவர் செய்தவராகி, செய்தவர் கற்பித்தவரானார்.

நம்முடைய கதைக்கு வருவோம். இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் கைத்தறிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மில் துணி குவிந்தது. பின்னர் யுத்தம். அதன் பின் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல். பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் வீடுகளோடும் உயிர்களோடும் தறிகளும் போயின. கடல் வற்றிய பிறகு உதவி வந்தது. உதவியோடு செயலமர்வுகளும் வந்தன. பற்றிக், பை தைத்தல், பன்வேலை, மெழுகுதிரி என்று ஒவ்வொன்றாகக் கற்பித்தார்கள். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத பெண்கள் வந்து அமர்ந்தார்கள், தங்கள் கையால் ஒன்று உருவாவதைக் கண்டு முகம் மலர்ந்தார்கள். அந்த மலர்ச்சி பொய்யன்று. ஆனால் மூன்று நாள் முடிந்த பின் நூல் எங்கே வாங்குவது, செய்ததை யாரிடம் விற்பது, கூலி என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காதபோது, பலருடைய சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விட்டது.

அப்படியானால் செயலமர்வுகளால் பயனில்லையா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. யாப்புப் படித்தவர்கள் எல்லோரும் கவிஞராவதில்லை. ஆனால் அவர்கள் நல்ல வாசகராகிறார்கள். தறியும் அப்படித்தான். மூன்று நாளில் ஒரு நெசவாளி உருவாகமாட்டார். மூன்று நாளில் ஒரு நல்ல இரசிகர் உருவாகலாம். தறியில் ஒரு மணி நேரம் அமர்ந்து நான்கு விரற்கடை துணி நெய்தவர், கடையில் ஒரு கைத்தறிச் சாறனைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து ரூபாவுக்காகப் பேரம் பேசமாட்டார். கரையைத் தடவிப் பார்ப்பார். நூல் சுற்றிக் கொடுத்த பெண்ணின் உழைப்பும் அதில் இருப்பது அவருக்குத் தெரியும். கணக்கில் நெசவாளி என்று எழுதப்படுபவர் தறியில் இருப்பவர் மட்டுமே. முற்றத்தில் இருந்து நூல் சுற்றும் உம்மாவையும் மகளையும் யாரும் எழுதுவதில்லை.

எனவே எனக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. நம் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது தறியிலே அமர வேண்டும். அது வாங்குபவரை உருவாக்கும் செயலமர்வு. தொழிலாகக் கற்க விரும்பும் சிலருக்கு மூன்று நாள் போதாது. ஒரு மூத்த நெசவாளியின் பக்கத்தில், கற்கும் காலத்திலேயே கூலியோடு, ஆறு மாதமாவது இருக்க வழிசெய்ய வேண்டும். கற்பிக்கும் அந்த மூத்தவருக்கும் ஆசிரியருக்குரிய வேதனம் கொடுக்க வேண்டும். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், நபி தாவூத் (அலை) அவர்கள் அப்படி உண்டவர்கள் என்றும் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்த உழைப்புக்கு உரிய விலையைக் கொடுப்பதும் நம் கடமையல்லவா?

செயலமர்வு முடிந்த நாளில் ராத்தாவிடம், உங்கள் மகள் நெசவு பழகினாரா என்று ஒரு பிள்ளை கேட்டது. "இல்ல மகள். அவட கைக்கு இதுல என்ன கிடைக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் துணி வாங்கும் நாம்.